கீழே போனவள் என்ன சாப்பிட்டாள்?

1

போன மாதம் என் பெண்ணை அழைத்துவரப் புதுச்சேரிக்குப் போனேன். இதை இங்கே பிரான்சில் யாரிடம் சொன்னாலும் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். தமிழ்க் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த காரைக்கால் அம்மா, "பொண்ண ஊர்ல கொண்டுபோய் விடப் போறியா? நல்லது. நம்ம பழக்கவழக்கம் தெரியட்டும்" என்றார். விடுவதற்கு இல்லை, மீட்பதற்கு என்று விளக்கத் தெம்பில்லை. தலையாட்டிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்தியால்பேட்டையில் பிறந்தவள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்கு வாக்கப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. விடியும் முன்னே ஒரு பஸ், பிறகு ரயில், பிறகு இன்னொரு பஸ். தட்டுகளை அடுக்கி மாடிக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வரும் தட்டுகளைப் பார்த்து யார் சாப்பிட்டார்கள், யார் தொடவே இல்லை என்று நர்சிடம் சொல்ல வேண்டும். முழங்கால் போய்விட்டது. வீட்டுக்காரர் நகராட்சிப் பூங்காக்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண், கயல்விழி. வீட்டில் பாப்பா.

இந்தப் பாப்பா பள்ளியில் நன்றாகப் படித்தாள். டாக்டராவாள், இல்லாவிட்டால் கணக்காளராவது ஆவாள் என்று இருந்தோம். அவள் பழங்காலக் கிரேக்க இலக்கியம் எடுத்தாள். "அதுல வேல கெடைக்குமா பாப்பா?" என்று அப்பா கேட்டதற்கு, "கெடைக்காதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் என்ன கேட்பது? முதுகலைக்கு அவள் எழுதிய ஆய்வேடு, ஒரே ஒரு கிரேக்கக் கதையை இத்தனை நூற்றாண்டுகளாக அறிஞர்கள் எப்படியெல்லாம் படித்தார்கள் என்பதைப் பற்றியது. அதை முடித்த கையோடு, "கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வரேன்" என்று ஆறு மாதம் புதுச்சேரிக்குப் போனாள். பிரெஞ்சு சொல்லித்தரும் வேலை. ஆறு மாதம் முடிந்தது. போனில், "இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம்னு பாக்கறேம்மா" என்றாள்.

பாரிசில் அவளுக்கு முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் நேரில் வந்து பதிவு செய்யாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். நான் விடுப்பு எடுத்து, போவதற்கு ஒரு டிக்கெட்டும் வருவதற்கு இரண்டு டிக்கெட்டும் போட்டேன்.

2

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

டெமெட்டர் தானியத்துக்கான தெய்வம். அவளுக்கு ஒரே பெண், பெர்செபொனே. அந்தப் பெண் புல்வெளியில் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது பூமி பிளந்தது. பாதாளத்தின் அரசன் ஹேடீஸ் தேரில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பெண்ணின் அப்பா தேவர்களுக்கெல்லாம் தலைவர். அவர் முன்பே அவனுக்குச் சம்மதம் சொல்லியிருந்தார். அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் சோறு தண்ணி இல்லாமல் தேடி அலைந்தாள். விஷயம் தெரிந்ததும் கோபத்தில் ஒரு விதையையும் முளைக்க விடவில்லை. உலகமே பட்டினி. வேறு வழியில்லாமல் தேவர் தலைவர் பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஆனால் பாதாளத்தில் எதையாவது சாப்பிட்டவர்கள் முழுதாகத் திரும்ப முடியாது. அவள் மாதுளை விதை சாப்பிட்டிருந்தாள். அதனால் வருடத்தில் ஒரு பகுதி கீழே அவனோடு, மீதி மேலே அம்மாவோடு.

ஆய்வேட்டை அவள் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் எழுதினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், அவள் வாசித்துக் காட்டுவாள். எனக்கு எட்டாத பிரெஞ்சைத் தமிழில் உடைத்துச் சொல்வாள். வளர வளர எங்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்ட பெண் அவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஆய்வேடு எழுதிய நாட்களில்தான் திரும்பப் பேசினாள். பேசியதெல்லாம் செத்துப்போன அறிஞர்களைப் பற்றி. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பழைய கிரேக்கத் தத்துவக்காரர்கள் பெர்செபொனேயை ஒரு பெண்ணாகவே எடுத்துக்கொள்ளவில்லையாம். அவள் விதை, மண்ணுக்குள் போகிறது, முளைத்து வருகிறது, அவ்வளவுதான் என்றார்கள். பிறகு வந்தவர்கள், இல்லை, அவள் ஆன்மா, உடம்புக்குள் இறங்கி மாட்டிக்கொள்கிறது என்றார்கள். கிறிஸ்தவ மதம் வந்ததும் அதன் பெரியவர்கள், பாருங்கள் இவர்களுடைய சாமிகளின் யோக்கியதையை என்று கேலி செய்தார்கள். சிசிலித் தீவில் நிஜமாகவே எவனோ ஒரு ராஜா மகளைக் கடத்தியிருப்பான், அதை ஊதிப் பெருக்கிவிட்டார்கள் என்று விளக்கியவர்களும் உண்டு. "இது ஒங்க மாமா சொல்ற மாதிரியே இருக்கு" என்றேன். என் தம்பிக்கு எந்தப் புராணத்தைக் கேட்டாலும் அதில் ஒரு போலீஸ் கேஸ் தெரியும்.

நடுவில் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் இந்தக் கதையை ஒரு லத்தீன் கவிஞர் சொன்ன விதத்தில்தான் படித்தார்கள். அவர் கணக்கில் பாதி வருடம் கீழே, பாதி மேலே. பழைய கிரேக்கப் பாட்டின் கையெழுத்துப் படி பதினெட்டாம் நூற்றாண்டில்தான் மாஸ்கோவில் கிடைத்தது. தொழுவத்தில் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் நடுவே கிடந்தது என்று கண்டெடுத்தவர் சொல்லிக்கொண்டாராம். அதில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் கீழே. உடனே அறிஞர்கள் பாதியா, மூன்றில் ஒன்றா என்று மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்களின் விவகாரமும் இதுதானே? வருடத்தில் இத்தனை மாதம் பிரான்சில் இருந்தால்தான் சில உதவித்தொகைகள் வரும். குளிர் தொடங்கியதும் புதுச்சேரிக்குப் பறந்து போய், பீச் ரோட்டில் நடந்தபடியே, பாதி வருடமா, அதற்கும் மேலா, விதியை மாற்றிவிட்டார்களா என்று மூச்சு வாங்க வாதாடுவார்கள். இதைச் சொன்னதும் பாப்பா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "இதயும் அடிக்குறிப்புல போடலாம்மா" என்றாள். போடவில்லை.

பிறகு ஐரோப்பியக் கிராமங்களில் அறுவடை முடிவில் கடைசிக் கதிரைப் பொம்மையாகக் கட்டும் வழக்கத்தை வைத்துக்கொண்டு ஜெர்மன்காரர்களும் ஆங்கிலேயர்களும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஒரு புது வாதம் வந்தது. அவள் கீழே போவதைப் பனிக்காலம் என்று இத்தனை நாள் படித்தது தவறு. கிரேக்கத்தில் வயல் செத்துக் கிடப்பது வெயில் காலத்தில்தான், அப்போதுதான் விதைத் தானியம் தரைக்கடியில் குதிர்களில் இருக்கும் என்றார் ஒருவர். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. என் அப்பாவுக்குப் பாகூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. சித்திரையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். "இவரு சொல்றதுதான் சரி, இவருக்குத்தான் வெவசாயம் தெரியும்" என்று கத்தியை நீட்டிக்கொண்டே சொன்னேன்.

"ஆனா பாட்டுல அவ வசந்தகாலப் பூவோட மேல வரான்னு நேராவே இருக்கும்மா. அதனால நெறைய பேரு இத ஒத்துக்கல" என்றாள் பாப்பா, நிமிராமலே.

நான் மறுபடி வெங்காயத்துக்குத் திரும்பினேன்.

3

கடைசி அத்தியாயம் பெண் அறிஞர்களைப் பற்றியது. அவர்கள் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்களாம். இது விதையைப் பற்றிய கதையா, இல்லை, பெண்ணையும் கேட்காமல் பெற்றவளையும் கேட்காமல் கட்டிக்கொடுத்த கதையா? பாட்டில் பல இடங்களில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. கோரே என்றுதான் சொல்கிறார்கள். கோரே என்றால் பொண்ணு.

"தமிழ்ல கல்யாணம் பேசறதுக்கு என்ன சொல்வீங்க?" என்று பாப்பா கேட்டாள்.

"பொண்ணு குடுக்கறது. பொண்ணு எடுக்கறது."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எடுக்கறதா? கடைல சாமான் எடுக்கற மாதிரியா?"

காலம் காலமாக வாயில் புழங்கும் சொல்தான். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. என் கல்யாணத்தைச் சொன்னேன். தரகரும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் ஒரு காலையில் டீக்கடையில் அப்பாவைப் பார்த்துப் பேசினார்கள். பிரான்ஸ் மாப்பிள்ளை என்றதும் அப்பா அங்கேயே தலையாட்டிவிட்டார். அம்மாவுக்குச் சாயங்காலம்தான் தெரியும். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அடுப்பைப் பற்றவைக்கவும் இல்லை. மறுநாளும் பற்றவைக்கவில்லை. அப்பா ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஆயா ஸ்ட்ரைக் பண்ணாங்களா!" பாப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்பறம்?"

"அப்பறம் என்ன, கல்யாணம் நடந்துச்சி."

"அங்கயும் அப்படித்தாம்மா" என்றாள்.

4

தம்பி சேகர் புதுச்சேரி பஸ் நிலையத்துக்கு வண்டியோடு வந்திருந்தான். "இன்னாக்கா, இவ்ளோ எளச்சிட்ட?" என்று பையை வாங்கிக்கொண்டான். முத்தியால்பேட்டை போய்ச் சேரும்வரை புலம்பல்தான். பாப்பா அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். பிரெஞ்சு பாஸ்போர்ட் என்பதால் வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று தகவல் கொடுக்க வேண்டும். அறையை வாடகைக்கு விட்டவருக்கு அதெல்லாம் தெரியாது, இவன்தான் அலைந்திருக்கிறான்.

"எங்கக்கா பொண்ணு, நம்ம ஊர்ல தங்கறதுக்கு, நானே போய் ஃபாரினர்னு எழுதிக் குடுத்துட்டு வரேன். அந்தாளு கேக்கறான், உங்களுக்கு இன்னா உறவுன்னு. தாய்மாமன்னேன். அப்ப எப்டி ஃபாரினர்ங்கறான். நான் இன்னா சொல்ல?"

பிறகு குரலைத் தாழ்த்தினான். "வாரத்துல மூணு நாளு சாயங்காலம் கோரிமேடு போறா. கேட்டா வேலங்கறா. நான் எதயும் கெளறல. நீயே கேட்டுக்கோ."

சரி, ஹேடீஸ் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற இடம். டாக்டராக இருக்கலாம். இருந்தால் எந்த ஊர், என்ன ஆளுங்க என்று விசாரிக்க வேண்டும் என்று வண்டியில் போகும்போதே மனசு பாதிக் கல்யாணத்தை முடித்துவிட்டது.

பாப்பாவின் அறைக்குப் போனால் மீன் குழம்பு வாசனை. காலையிலேயே ஸ்கூட்டியில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலம் முடிந்து பெண்கள் கூறு போட்டு விற்கும் இடத்தில் பேரம் பேசிச் சங்கரா வாங்கி வந்திருக்கிறாள். பிரான்சில் தலையோடு மீன் வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறவள் இவள். நான் சோறு வடித்தால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு உட்காருவாள். இப்போது எதிரே சம்மணம் போட்டு, சோற்றைப் பிசைந்து, முள்ளை விரலால் எடுத்து ஓரமாக வைத்தாள். கை அவ்வளவு பழகியிருந்தது. நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம். என் சோற்றில் கை வைக்காமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா சாப்பிடாம பாத்துட்டே இருக்க?"

"ஒண்ணுமில்ல. நல்லா சாப்பிடறியேன்னு பாத்தேன்."

அவள் சிரித்தாள். "பாட்டுல பொண்ணு மேல வந்து அம்மாவக் கட்டிப்புடிச்சதும் அம்மா கேக்கற மொதக் கேள்வி என்ன தெரியுமா? சாப்ட்டியான்னுதான். படிக்கறப்பல்லாம் ஒன் ஞாபகம் வரும்."

தினமும் போனில் நான் கேட்பதும் அதுதான். ஆமாம் என்று சொன்னால் நிம்மதியாக வைத்துவிடுவேன். அந்தத் தாய் இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்டிருக்கிறாள். எதிரே தட்டு வழித்துச் சுத்தமாகிக்கொண்டிருந்தது.

5

மறுநாள் சாயங்காலம் நானும் கோரிமேட்டுக்கு வருகிறேன் என்றேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். "வாயேன்" என்று ஹெல்மெட்டைக் கொடுத்தாள்.

ஒரு மருந்துக்கடைக்கு மேலே நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள். இரண்டு பேர் ஆஸ்பத்திரி நர்சுகள், டியூட்டி முடிந்து வந்தவர்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் கழுத்தில் புது மஞ்சள் கயிறு. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். பிரான்ஸ் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, விசா வரும்வரை காத்திருக்கிறார்கள். பதிவு அலுவலகத்தில் என்ன சொல்வது, டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது, புரியாவிட்டால் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது. பாப்பா அவர்களுக்கு இதைத்தான் சொல்லித்தருகிறாள்.

"இவங்க எங்கம்மா. கிரனாது கதை இவங்களோடதுதான்" என்று அறிமுகப்படுத்தினாள். அறை முழுக்கச் சிரிப்பு.

மாதுளைக்குப் பிரெஞ்சில் கிரனாது. எழுத்தில் பார்த்தால் ஆங்கிலத்தில் வெடிகுண்டுக்கு எழுதும் அதே எழுத்துகள். போன புதிதில் எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் கடைப் பலகையை வாசித்துவிட்டு, இந்த ஊரில் குண்டைக் கூடையில் கொட்டி விற்கிறார்களே என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இதை நான் வீட்டில் என்றைக்கோ ஒருமுறை சொன்னது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் கேட்டிருக்கிறாள், வைத்திருந்திருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் என்னருகே வந்தாள். இருபது வயதுகூட இருக்குமா என்று தோன்றியது. "அக்கா, அங்க போனா பழகிடுமா?"

"பழகிடும்மா" என்றேன். "அரிசி கெடைக்குது, கவலப்படாத. யார்கிட்ட பேசறதுக்கும் கூச்சப்படாத. நான் கூச்சப்பட்டே பாதி நாள ஓட்டிட்டேன்."

"மிஸ் ஊருக்குப் போறாங்களாமே? எங்க பிரெஞ்சுப் பரீச்ச முடியற வரைக்கும் விட்டுட்டுப் போங்கக்கா. வேற ஆளு வந்தா எங்களுக்குக் கேக்கவே பயமா இருக்கும்."

பாப்பா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே ஒருவனும் இல்லை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் வெளியே வந்ததும் கேட்டேன்.

6

ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில் விழுப்புரம் பஸ் நின்றிருந்தது. பிளாஸ்கும் பாயும் துணிப்பையுமாக ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்தச் சொன்னேன்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"எவனோ. ஒன்ன இங்க புடிச்சி வெச்சிருக்கறவன்."

"யாரும் இல்லம்மா." ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "யாராவது இருந்தா ஒனக்கு ஈசியா இருந்திருக்கும்ல?"

இருந்திருக்கும். அவனைத் திட்டியிருப்பேன், அவன் அம்மாவைத் திட்டியிருப்பேன்.

"அந்தப் படிப்பு? எடம் போயிடுமே?"

"போகட்டும்மா. அவ ஏன் போனா, ஏன் வந்தான்னு மத்தவங்க சொன்னதயே ரெண்டு வருஷம் எழுதுனேன். வெதைன்னாங்க, ஆன்மான்னாங்க, அம்மாவும் பொண்ணும் ஒரே ஆளுதான்னு ஒரு மனோதத்துவக்காரரு சொன்னாரு. ஒனக்கு எங்க இருக்கணும்னு அவள ஒருத்தரும் கேக்கல."

"நான் கேக்கறேன். ஒனக்கு எங்க இருக்கணும்?"

கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகுதான் தோன்றியது. அவள் யோசித்துப் பதில் சொன்னாள்.

"நீ போனப்ப ஒனக்கு யாராவது ஒரு வார்த்த சொல்லிக் குடுத்தாங்களா? இல்லல்ல? அது ஒண்ணு. இன்னொண்ணு, அங்க எல்லாரும் என்னப் பாத்து, நீ எந்த ஊருன்னு கேக்கறாங்க. இங்கயும் கேக்கறாங்க. ஆனா இங்க சொன்னா, எந்தத் தெருன்னு அடுத்த கேள்வி வருது. எனக்கு அது புடிச்சிருக்கு."

நான் அழுதேன். பஸ் நிறுத்தத்தில் அழுகிறவர்கள் அங்கே புதிதில்லை. ஆஸ்பத்திரியில் யாருக்கோ சரியில்லை என்று நினைத்து ஒரு அம்மா, "கடவுள் இருக்காரு, அழாதீங்க" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

"அப்பாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன். அங்கே வீட்டுக்காரர் அவள் அறைக்குப் புதுத் திரை மாட்டி வைத்திருந்தார்.

"பரீச்ச முடியற வரைக்கும் விடமாட்டேன்னு கட்டாயப்படுத்திட்டாங்கன்னு சொல்லு." சொல்லிவிட்டு அவளே ஒரு மாதிரி சிரித்தாள். "அவளும் அம்மாகிட்ட அப்படித்தாம்மா சொன்னா. பாட்டு என்ன சொல்லுதுன்னா, அவன் யாருக்கும் தெரியாம வெதயக் குடுத்தான்னுதான். கட்டாயம்னு எங்கயும் இல்ல. லத்தீன்காரரு கதைல அவளே பறிச்சித் திங்கறா. ஆனா மேல வந்து அம்மா கேட்டதும், எனக்கு இஷ்டமில்ல, அவன்தான் கட்டாயமாத் திங்க வெச்சான்னு சொல்றா. அத வெச்சி எத்தன பேரு சண்ட போட்டிருக்காங்க தெரியுமா? அம்மா மனசு நோகக் கூடாதுன்னு சொன்னான்னு நான் எழுதுனேன். எங்க புரோஃபசர் ஓரத்துல, நிரூபிக்க முடியாதுன்னு எழுதிட்டாரு."

நான் அந்தப் புரோஃபசரைப் பார்த்ததில்லை. அவருக்குப் பெண் இருக்கிறாளா என்று கேட்க வாயெடுத்தேன். பாப்பா வண்டியைக் கிளப்பினாள். பிரான்சுக்குத் திரும்பும் நாள் வரை அந்த இரண்டாவது டிக்கெட்டைப் பற்றி நான் அவளிடமும் போனில் வீட்டுக்காரரிடமும் வாய் திறக்கவே இல்லை.

7

பாரிசில் நல்ல குளிர். விமான நிலையத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கையில் பாப்பாவின் கம்பளிக் கோட்டு. வெயில் ஊரிலிருந்து வருகிறாள், போட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது என்று கொண்டுவந்திருக்கிறார்.

நான் வெளியே வந்த பிறகும் அவர் என் பின்னால் திறந்து திறந்து மூடும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் வந்தாள், பிறகு ஒரு குடும்பம். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"விடலங்க" என்றேன். "வரேன்னுதான் சொன்னா. அவங்கதான் கட்டாயப்படுத்தி நிறுத்திட்டாங்க."

"யாரு?"

ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். வகுப்பு நடத்துகிறவர் என்றோ, மாணவிகள் என்றோ, சேகர் என்றோ வாய்க்கு வந்ததைச் சொன்னால் நம்பியிருப்பார். நம்பத் தயாராகத்தான் கேட்டார். எனக்கு ஒரு பெயரும் வரவில்லை.

அவர் மறுபடி கேட்கவில்லை. தள்ளுவண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கதவுப் பக்கம் வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. நான் நடுங்குவதைப் பார்த்து, கையிலிருந்த கோட்டை விரித்து என் தோளில் போட்டார். எனக்கென்று அவர் வேறு கோட்டு எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை.